‘நெட் ஸ்லோ’ ஆவது ஏன்?

கடந்தகால வினாத்தாள் ஒன்றைத் தரவிறக்கும்போது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். “நெட் ஸ்லோ” என்று சொல்லிவிட்டு, போனை யன்னல் பக்கம் கொண்டுபோவோம். தெல்தோட்டையில் இது நடக்காத வீடு இருக்காது. ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று, பாதையில் நெரிசல். மற்றது, நெரிசலே இல்லாத பாதையில் தகவல் தொலைந்துபோவது.

இணையத்தின் விதி நெடுங்காலமாக இவ்விரண்டையும் ஒரே நோயாக எண்ணி ஒரே மருந்தையே கொடுத்து வந்தது. நகரத்தில் கம்பி இணைப்பு வைத்திருப்பவருக்கு அது நல்ல மருந்து. சிக்னல் மலைக்குப் பின்னால் மறையும் ஊரில் இருப்பவருக்கோ அதுவே இன்னொரு நோய். இந்த வேறுபாட்டை ஆராய்ந்து வழி காட்டியவர்களுள் முக்கியமான ஒருவர், சென்னையில் படித்த ஹரி பாலகிருஷ்ணன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் நான், அவருடைய ஆய்வைப் பாடத்துக்காக மட்டுமல்லாமல் எங்கள் ஊருக்காகவும் படித்தேன். தோழியருக்கும் பெற்றோருக்கும் விளங்கும்படி அதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

பொதிகளாகப் பிரியும் பாடம்

நாம் தரவிறக்கும் கோப்பு ஒரே துண்டாக வருவதில்லை. அனுப்பும் கணினி அதைச் சிறு பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு அனுப்புகிறது. ஒரு பொதி பெரும்பாலும் 1500 பைட்டுகளுக்கு மேற்படாது. 3 மெகாபைட் அளவுள்ள வினாத்தாள் ஏறக்குறைய 2000 பொதிகளாக வந்து சேரும். போன் அவற்றை இலக்கப்படி அடுக்கி மீண்டும் ஒரே கோப்பாக்கித் தருகிறது.

இந்தப் பயணத்தை மேற்பார்வை செய்யும் விதிகளின் தொகுப்புக்கு டிசிபி என்று பெயர். அமெரிக்காவின் விண்டன் சேர்ஃப், ரொபேர்ட் கான் ஆகிய இருவரும் 1974 இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது அது. அதன் அடிப்படை எளிமையானது. பொதி கிடைத்ததும் பெறுபவர் “கிடைத்தது” என்று ஒரு சிறு பதில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் அனுப்பியவர் அந்தப் பொதியை மறுபடி அனுப்ப வேண்டும். கடையில் சாமான் இறக்கியதும் பற்றுச்சீட்டில் கையொப்பம் வாங்குவதைப் போன்றதுதான்.

நின்றுபோன வலையமைப்பு

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. ஒரே நேரத்தில் எத்தனை பொதிகளைப் பாதையில் விடலாம் என்று சரியான கட்டுப்பாடு இருக்கவில்லை. 1986 ஒக்டோபரில் அதன் விளைவு தெரிந்தது. அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்துக்கும் இடையிலான தூரம் சுமார் 400 யார்தான். அந்த இணைப்பில் செக்கனுக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த வேகம் செக்கனுக்கு 40 பிட் அளவுக்கு விழுந்தது. அதாவது 800 மடங்கு வீழ்ச்சி. மேலே சொன்ன வினாத்தாளை முதல் வேகத்தில் தரவிறக்கப் பன்னிரண்டரை நிமிடம் போதும். இரண்டாவது வேகத்தில் ஏறக்குறைய ஏழு நாட்கள் வேண்டும்!

காரணம் நெரிசல். பொதிகள் குவிந்து வழிப்படுத்திகளில் இடம் நிரம்பியது. இடமில்லாமல் பொதிகள் கைவிடப்பட்டன. பதில் வராததால் அனுப்பியவர்கள் மறுபடியும் அனுப்பினார்கள். நெரிசல் மேலும் கூடியது. குறுகிய பாதையில் வாகனங்கள் முட்டிக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து இன்னும் வாகனங்களை ஏவிவிட்டால் என்ன ஆகும்? அதேதான் அங்கும் நடந்தது.

வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். மைக்கேல் கரெல்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய அதை 1988 இல் வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: ஒரு பொதி தொலைந்தால், பாதையில் நெரிசல் இருக்கிறது என்று எடுத்துக்கொள், உடனே வேகத்தைக் குறை, எல்லாம் சரியாகப் போனால் மெல்ல மெல்லக் கூட்டு. பின்னர் வழக்கமான முறையில், ஒரு பொதி தொலைந்தால் பாதையில் விடும் பொதிகளின் எண்ணிக்கை பாதியாகும். அதன் பிறகு, போய் வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொதி வீதமே கூடும். குறைவது பாய்ச்சலில், கூடுவது நடையில். எல்லோரும் தாமாகவே அடங்கிப் போகும் இந்த ஒழுங்குதான் இணையத்தை முடங்காமல் காத்தது.

மலை குறுக்கிட்டால்

ஜேக்கப்சனின் விதி ஓர் ஊகத்தின் மீது நிற்கிறது. பொதி தொலைந்தால் காரணம் நெரிசலே என்பதுதான் அந்த ஊகம். கம்பியில் ஓடிய அக்கால இணையத்தில் இது பெரும்பாலும் சரி. கம்பிக்குள் பொதி தானாகக் கெடுவது அரிது.

கம்பியில்லா இணைப்பில் நிலைமை வேறு. டவரிலிருந்து வரும் வானொலி அலை மலையில் மோதும், மரங்களிடையே சிதறும், ஈரச் சுவரில் வலுவிழக்கும். பேராதனையிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு வரும் பாதையில் பயணம் செய்தவர்களுக்கு இது தெரியும். ஒரு வளைவில் சிக்னல் நிறைந்திருக்கும், அடுத்த வளைவில் ஒன்றுமே இருக்காது. அந்தப் பாதையில் பொதி தொலைவது கூட்டத்தினால் அல்ல. மலையினால்.

கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருந்து அனுப்பும் கணினிக்கு இது எப்படித் தெரியும்? அதற்குத் தெரிவதெல்லாம் “ஒரு பொதி வரவில்லை” என்பது மட்டுமே. உடனே அது நெரிசல் என்று முடிவு செய்து வேகத்தைப் பாதியாக்குகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு சுற்றில் 32 பொதிகள் வந்துகொண்டிருக்கின்றன என்று வைப்போம். ஒன்று தொலைந்தால் 16. சற்று நேரத்தில் இன்னொன்று தொலைந்தால் 8. மூன்றாவது முறை 4. இப்போது சிக்னல் நன்றாகிவிட்டாலும் 4 இலிருந்து 32 க்குத் திரும்ப 28 சுற்றுகள் வேண்டும். ஒரு சுற்றுக்கு 200 மில்லிசெக்கன் எடுத்தால் ஐந்தரை செக்கனுக்கு மேல் ஆகும். அதற்குள் இன்னொரு பொதி தொலைந்தால் மறுபடியும் கீழே. பாதை வெறுமையாகக் கிடக்க, பாடம் மட்டும் ஊர்ந்து வரும். பலவீனமான சிக்னல் என்ற கஷ்டத்தின் மேல், செய்யாத தவறுக்கு ஒரு தண்டனையும் சேர்கிறது.

இடையில் ஒரு களஞ்சியம்

ஹரி பாலகிருஷ்ணன் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1993 இல் கணினி அறிவியல் பட்டம் பெற்றார். அவருடைய தந்தை வி. பாலகிருஷ்ணன் அதே கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். மகன் மேற்படிப்புக்காகச் சென்றது பேர்க்லிக்கு. 1986 இல் வலையமைப்பு முடங்கிய அதே பேர்க்லி. அங்கே பேராசிரியர் ரண்டி கட்ஸின் வழிகாட்டலில், கம்பியும் கம்பியில்லா இணைப்பும் கலந்த பாதையில் டிசிபி ஏன் தடுமாறுகிறது என்பதை ஆராய்ந்தார்.

ஸ்ரீனிவாசன் சேஷன், எலான் அமீர், ரண்டி கட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1995 இல் அவர் வெளியிட்ட தீர்வின் பெயர் ஸ்னூப். எட்டிப் பார்ப்பது என்று பொருள். அதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன்.

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரி தெல்தோட்டைக் கடைக்குப் பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்புகிறார். கொழும்பிலிருந்து கண்டி வரை நல்ல பாதை. கண்டிக்கு அப்பால் மழையும் சேறும். கடைசிப் பாதையில் சில பெட்டிகள் கெட்டுப்போகின்றன. “ஏழாவது பெட்டி வரவில்லை” என்று கடைக்காரர் புறக்கோட்டைக்கு அறிவிக்கிறார். வியாபாரியோ, பாதை முழுவதும் வாகன நெரிசல் போலும் என்று எண்ணி, அனுப்பும் பெட்டிகளைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்.

இப்போது கண்டியில் ஒரு களஞ்சியம் வைப்போம். அங்கே இருப்பவர், தம்மைக் கடந்து போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறார். கடைக்காரரின் பதில்களும் அவர் வழியாகத்தான் போகின்றன. “ஏழாவது வரவில்லை” என்ற செய்தியைக் கண்டதும் தம்மிடமுள்ள ஏழாவது பெட்டியின் பிரதியைத் தாமே அனுப்பிவிடுகிறார். அந்தச் செய்தியைப் புறக்கோட்டைக்குப் போகவும் விடுவதில்லை. வியாபாரி ஒன்றும் அறியாமல் வழக்கமான வேகத்தில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். கடைக்காரருக்கும் சாமான் குறைவதில்லை.

அந்தக் களஞ்சியம் இருக்கும் இடம்தான் டவர் அமைந்த தளம். கம்பி முடிந்து காற்றுவழி தொடங்கும் எல்லை அது. பொதி தொலைந்தது தமக்கு முன்னாலுள்ள நீண்ட பாதையிலா, பின்னாலுள்ள சிறு பாதையிலா என்று அங்கே நிற்பவருக்குத் தெரியும். தூரத்தில் இருப்பவர் ஊகிக்க வேண்டியதை அருகில் இருப்பவர் கண்ணால் காண்கிறார். பொதி உண்மையிலேயே நெரிசலில் தொலைந்திருந்தால் அவரிடமும் பிரதி இராது. அப்போது செய்தி அனுப்புபவரிடம் போகும், வேகம் குறையும். நெரிசலுக்கான மருந்து நெரிசலுக்கு மட்டுமே கிடைக்கிறது.

இந்தத் தீர்வில் எனக்குப் பிடித்த விடயம் இன்னொன்று. அனுப்பும் கணினியிலும் பெறும் கருவியிலும் ஒன்றையும் மாற்றத் தேவையில்லை. உலகத்தின் கணினிகளையெல்லாம் திருத்தப் புறப்படாமல், பழுதுள்ள இடத்தில் மட்டும் கை வைக்கிறது. கம்பியில்லா இணைப்பில் பிழைகள் மிகுந்திருந்த நிலையில் வழக்கமான டிசிபியைவிட 20 மடங்கு வரை வேகம் கிடைத்ததாக அந்த ஆய்வுக் கட்டுரை காட்டியது. 1998 இல் பாலகிருஷ்ணன் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேட்டுக்கு உலகக் கணினியியலாளர் சங்கமான ஏசிஎம் தனது விருதை வழங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

டவருக்கும் போனுக்கும் இடையில் தொலைந்ததை அந்த இடத்திலேயே மீண்டும் அனுப்பித் திருத்தும் ஏற்பாடு, வேறு தொழில்நுட்ப வடிவில், இன்று 4ஜி தரத்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. 1988 இன் விதியை வகுத்த வான் ஜேக்கப்சனும் பின்னர் கூகுளில் பணியாற்றும்போது, 2016 இல் நான்கு பேருடன் சேர்ந்து பிபிஆர் என்ற புதிய முறையை வெளியிட்டார். பொதி தொலைவதை நெரிசலின் அடையாளமாகக் கொள்ளாமல், பாதையின் கொள்ளளவையும் போய் வரும் நேரத்தையும் அளந்து வேகத்தைத் தீர்மானிக்கும் முறை அது. தாம் வகுத்த விதியைத் தாமே 28 ஆண்டுகளுக்குப் பிறகு புதிதாக எழுதிய அறிஞரை நினைத்தால் மதிப்பு பெருகுகிறது.

பாதை அடைபட்டால்

பாலகிருஷ்ணனின் ஆய்வு வேகத்துடன் நிற்கவில்லை. எம்.ஐ.டி.யில் டேவிட் அண்டர்சன், பிரான்ஸ் காஷூக், ரொபேர்ட் மொரிஸ் ஆகியோருடன் 2001 இல் இன்னொரு கேள்வியை எடுத்தார். இணையத்தில் ஒரு பாதை அறுந்தால், மாற்றுப் பாதையை வலையமைப்பு கண்டுபிடிக்கச் சில வேளை பல நிமிடங்கள் ஆகின்றன. அதற்குள் நாம் என்ன செய்வது?

மழைக்காலத்தில் நம் பாதையில் மண் சரிந்தால், அறிவித்தல் வரும் வரை யாரும் காத்திருப்பதில்லை. வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு அழைத்து, “உங்கள் பக்கம் பாதை எப்படி?” என்று கேட்டுச் சுற்றி வருவோம். அவர்களுடைய ரொன் என்ற அமைப்பும் அதைத்தான் செய்தது. வெவ்வேறு இடங்களிலுள்ள கணினிகள் தமக்குள் பாதைகளை இடைவிடாமல் சோதித்தன. நேர்ப் பாதை அறுந்தால் நண்பர் கணினி வழியாகப் பொதியை அனுப்பின. சராசரியாக 20 செக்கனுக்குள் மாற்றுவழி கிடைத்தது.

கட்டளை எங்கே இருக்க வேண்டும்?

மூன்றாவது கேள்வி வலையமைப்பின் கட்டமைப்பைப் பற்றியது. பொதிகளை வழிநடத்தும் ஆளிகளும் வழிப்படுத்திகளும் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. எந்தப் பொதி எந்த வழியில் போக வேண்டும் என்று தீர்மானிப்பது ஒன்று. தீர்மானித்தபடி பொதியைத் தள்ளிவிடுவது மற்றது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தன. பெட்டியைத் தயாரித்த நிறுவனம் எழுதிய விதியே விதி. புதிய யோசனை ஒன்றைச் சோதிக்க விரும்பும் பல்கலைக்கழகம் அதற்குள் கை வைக்க முடியாது.

2008 இல் ஓப்பன்ஃப்ளோ என்ற முன்மொழிவு வெளியானது. ஸ்டன்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நிக் மெக்கியோன் முதலான எட்டுப் பேர் எழுதிய கட்டுரை அது. எட்டுப் பேரில் ஹரி பாலகிருஷ்ணனும் ஒருவர், பெண் ஆய்வாளரான ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்டும் ஒருவர். ஒவ்வொரு சந்தியிலும் நிற்கும் பொலிஸ்காரர் தமக்குத் தெரிந்ததை வைத்து வாகனங்களைத் திருப்புவதற்குப் பதிலாக, எல்லாச் சந்திகளையும் ஒருங்கே பார்க்கும் ஒரு கட்டுப்பாட்டு அறை கட்டளையிடலாம். பெட்டி பொதியைத் தள்ளும் வேலையை மட்டும் செய்யும். தீர்மானம் தனியான மென்பொருளிடம் இருக்கும். அந்த மென்பொருளை யாரும் எழுதலாம், திருத்தலாம்.

பல்கலைக்கழக வளாகங்களில் புதிய யோசனைகளைச் சோதிப்பதற்காகச் சொல்லப்பட்ட இந்த எண்ணம் பெரும் நிறுவனங்களையும் எட்டியது. தனது தரவு நிலையங்களை இணைக்கும் உலகளாவிய வலையமைப்பை இம்முறையில் கட்டுப்படுத்துவதாகக் கூகுள் 2013 இல் விபரித்தது. அதன் இணைப்புகள் நீண்ட கால அளவில் சராசரியாக 70 சதவீதம் பயன்படுத்தப்படுவதாகவும், வழக்கமான முறையைவிட அது இரண்டு, மூன்று மடங்கு பயனுள்ளது என்றும் குறிப்பிட்டது. 2023 இல் தொடர்பாடல் துறையின் உயர் விருதுகளில் ஒன்றான மார்க்கோனிப் பரிசு ஹரி பாலகிருஷ்ணனுக்குக் கிடைத்தது.

மூன்று ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொதுவான பாடம் தெரிகிறது. தூரத்திலிருந்து ஊகித்துத் தீர்ப்பளிக்காதே, நிலைமையைப் பார்க்கக்கூடிய இடத்தில் நின்று அளந்து பார். ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்த பின்பே முடிவெடுக்க வேண்டும் என்று நமது மார்க்கமும் கற்பித்திருக்கிறது. இயந்திரங்களுக்கும் அந்த ஒழுக்கம் தேவைப்படுகிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

நமக்கு இதில் என்ன?

வீட்டில் இணையம் மெதுவானால், எந்த நோய் என்று நாமே ஓரளவு அறியலாம். போனில் சிக்னல் நிறைந்திருந்தும் இரவு வேளையில் மட்டும் மெதுவாகிறது, சுபஹுக்குப் பின் வேகமாகிறது என்றால் அது பெரும்பாலும் நெரிசல். பலர் ஒரே டவரைப் பங்கிடுகிறார்கள். அதற்கு வழி நேரத்தை மாற்றுவது. பெரிய கோப்புகளை அதிகாலையில் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.

எந்த நேரமும் மெதுவாக இருந்து, சிக்னல் கோடுகளும் குறைவாக இருந்தால் அது மலையின் வேலை. அதற்கு வழி இடத்தை மாற்றுவது. சுவருக்குள் இருப்பதைவிட டவர் இருக்கும் திசையிலுள்ள யன்னலருகே இருப்பது நல்லது. காணொளியின் தரத்தைக் குறைத்தால், அல்லது படத்தை நிறுத்திக் குரலை மட்டும் கேட்டால், குறைந்த வேகத்திலும் பாடம் அறுபடாமல் வரும். முதல் நோய்க்கு இரண்டாவது மருந்தைக் கொடுத்துப் பயனில்லை. அதிக டேட்டா உள்ள பெக்கேஜ் வாங்கினாலும் மலை நகர்ந்துவிடாது. வாப்பாமார் பணம் கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்றும் இருக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் போனுக்குள் வந்தபோது, மலைநாட்டுப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டிலும் பாறையிலும் ஏறி அமர்ந்த காலம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பாடத்தின் நடுவே ஒரு மாணவியின் பெயர் திரையிலிருந்து மறையும், திரும்ப வரும், மறுபடி மறையும். அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிவது “அவள் இல்லை” என்பது மட்டுமே. அக்கறையில்லாதவள் என்று எண்ணுவது இலகு. மலைக்கு இந்தப் பக்கம் அவள் கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். வீட்டில் ஒரே போன், அதுவும் வாப்பா வேலையிலிருந்து வந்த பிறகுதான் கிடைக்கும் என்றிருந்தவர்களும் உண்டு. விடுபட்ட பாடத்துக்குப் பிரதி வைத்திருந்து, அடுத்த நாள் கொப்பியைக் கொடுத்த தோழிகள் அப்போது இருந்தார்கள். ஸ்னூப் செய்தது எதுவோ அதையே அவர்கள் செய்தார்கள்.

இலங்கையின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் என்ற வலையமைப்பு, பேராசிரியர் அபய இந்துருவவின் முன்னெடுப்பில் நம் நாட்டவரே கட்டியெழுப்பியது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகமும் அதில் இணைந்திருக்கிறது. வலையமைப்பு என்பது வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும் பொருள் மட்டும் அல்ல என்பதற்கு இது சான்று. எங்கள் மலையில் அலை எப்படி வளைகிறது, எந்த வளைவில் பொதி தொலைகிறது என்பதை அருகில் நின்று அளக்கக்கூடியவர்கள் இங்கே வாழும் நாங்கள்தான். கணிதத்தையும் கணினியையும் விரும்பும் தங்கைமார் இந்தத் துறையை எண்ணிப் பார்க்க வேண்டும். மகள் கணினித் துறைக்குப் போக விரும்பினால் பெற்றோரும் துஆவுடன் அனுப்பிவைக்க வேண்டும். தொலையும் ஒவ்வொரு பொதிக்கும் காரணம் கண்டுபிடிக்க, மலையை அறிந்த ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.